நகையும் இழவும்

நுழையும்முன்

சிரிப்பு மகிழ்ச்சியின் அடையாளம் மட்டுமன்று. சில வேளைகளில் அது தன்னையே நோக்கும் கண்ணாடியும் ஆகும். பிறருடைய குறையைக் கண்டு சிரிக்கத் தொடங்கும் வாசகர், அக்குறை தம்மிடமும் உண்டு என உணரும் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிடுகிறார். அவ்வாறு நிறுத்தச் செய்யும் ஆற்றல் சில புதினங்களுக்கு உண்டு. ஒரு சிறுநகரையும் அதன் நாற்சந்தியில் நின்ற ஒரு புளியமரத்தையும் கொண்டு சுந்தர ராமசாமி படைத்த 'ஒரு புளியமரத்தின் கதை' அத்தகைய புதினமாகும். சிரிக்கவைத்துக்கொண்டே ஓர் இழப்பை நோக்கி அழைத்துச் செல்லும் அப்புதினத்தின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

சிறுநகரின் முகம்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிறுநகர் கூடலூர். கம்பத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்தே மலையேறுகிறது. ஊரைச் சூழ்ந்து நெல்வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் உள்ளன. 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. மலைக்கு அப்பால் இருப்பது இன்றைய கேரளம், அன்றைய திருவிதாங்கூர்.

கூடலூரை ஒத்த சிறுநகர்களுக்கு ஒரு பொதுஇயல்பு உண்டு. அங்கே எவரும் முற்றிலும் அயலார் அல்லர். காலையில் கடைவீதியில் நிகழ்ந்தது நண்பகலுக்குள் பேருந்து நிலையத்துக்குத் தெரிந்துவிடும். மாலையில் தேநீர்க் கடையில் அது வேறொரு கதையாக வளர்ந்திருக்கும். யார் யாருக்குக் கடன்பட்டவர், யாருடைய பேச்சில் எவ்வளவு உண்மை, யார் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறார் என்பன எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் தெரியாதவர்போல் ஒருவரோடொருவர் நலம் உசாவிக்கொள்வர்.

பெருநகரில் மனிதரின் குறைகள் கூட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. சிறுநகரில் அவை நாற்சந்திக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் மனிதக் குறைகளைச் சிரிப்பின்வழி ஆராய விரும்பும் எழுத்தாளர்கள் பலர் சிறுநகரைக் களமாகத் தேர்ந்துள்ளனர். தமிழில் அவ்வகைப் புதினங்களுள் முதன்மையாக எண்ணத்தக்கது 1966இல் வெளிவந்த 'ஒரு புளியமரத்தின் கதை'.

கூடலூர், மலைக்கு இப்பால் நின்று திருவிதாங்கூரை நோக்கிய ஊர். அதே மலைத்தொடர் தெற்கே தாழ்ந்து முடியும் நிலப்பகுதியில் உள்ள நாகர்கோவிலோ, திருவிதாங்கூர் அரசுக்கு உள்ளேயே இருந்த தமிழ் ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மன்னராட்சி முடிந்து மக்களாட்சி வந்த காலத்தில் இந்நகர் அடைந்த மாற்றங்களே இப்புதினத்தின் பின்னணியாகும்.

மரம் நின்றது, மனிதர் சூழ்ந்தனர்

புதினத்தின் கதைத்தலைவர் எவர் என்று கேட்டால் எந்த மனிதரையும் காட்ட இயலாது. நாற்சந்தியில் நின்ற முதிய புளியமரமே கதையின் நடுவமாகும். எனினும் அம்மரம் கதையில் எதையும் செய்வதில்லை. அது பேசுவதில்லை; வரம் தருவதில்லை; எவர்மீதும் சினம் கொள்வதில்லை. தளிர்த்தும் பூத்தும் காய்த்தும் தன் இயல்பில் நின்றது. அதைச் சுற்றி நின்ற மனிதர்களின் ஆசைகளும் போட்டிகளுமே அதன் வாழ்வையும் முடிவையும் தீர்மானித்தன.

கதை இரண்டு காலங்களில் இயங்குகிறது. முதற்காலம் தாமோதர ஆசானின் நினைவில் உள்ளது. முதியவரான ஆசான் கதை சொல்வதில் வல்லவர். கதைசொல்லியாகிய இளைஞனும் அவன் நண்பர்களும் அவரைச் சூழ்ந்து அமர்ந்து பழங்கதைகளைக் கேட்கின்றனர். மரம் அன்று நாற்சந்தியில் இல்லை. ஒரு குளத்தின் நடுவே நின்றது. மன்னரின் வருகையை ஒட்டி, நாற்றம் வீசிய அக்குளம் தூர்க்கப்படுகிறது. நீர் இருந்த இடத்தில் நிலமும், நிலத்தின்மேல் சாலையும், சாலையோரத்தில் கடைகளும் தோன்றுகின்றன. மரம் நகரத்துக்கு வரவில்லை. நகரமே மரத்தைத் தேடி வந்தது. அம்மரத்தோடு பிணைந்த செல்லத்தாயி என்னும் பெண்ணின் துயரக் கதையும் ஆசானின் வாய்மொழியாகவே வெளிப்படுகிறது.

இரண்டாவது காலம் விடுதலைக்குப் பிந்தையது. நகரம் வளர்கிறது, கடைகள் பெருகுகின்றன, நகராட்சியின் அதிகாரம் பெரிதாகிறது. அழகிய காற்றாடி மரத்தோப்பு ஒன்று பூங்கா அமைப்பதற்காக அழிக்கப்படுகிறது. வளர்ந்து நிற்கும் மரங்களை வெட்டி, ஒருபோதும் மரமாகாத செடிகளை நடுவதுதான் நாகரிகம் என்னும் எண்ணம் அங்கே எள்ளலுக்கு ஆளாகிறது. அதைப் படிக்கும்போது சிரிப்பு எழுகிறது. ஆனால், தோப்பின் அழிவு புளியமரத்துக்கு நேரப்போவதன் முன்னறிவிப்பு என்பது பின்னரே புலனாகிறது.

பின்னர் வணிகப் போட்டி எழுகிறது. அப்போட்டி நகராட்சி அரசியலுக்குப் பரவுகிறது. மரத்தை வெட்ட வேண்டும் என்பார் ஒருபுறமும் வெட்டக் கூடாது என்பார் மறுபுறமும் அணிதிரள்கின்றனர். மரத்துக்குத் தெய்வத்தன்மை ஏற்றப்படுகிறது. இறுதியில் வெளிப்படையாக வெட்ட இயலாத மரத்துக்கு மறைவாக நஞ்சு வைக்கப்படுகிறது. மரம் பட்டுப்போகிறது. மரம் மறைந்த பின்னும் அந்த இடத்துக்கு மரத்தின் பெயர் மட்டும் எஞ்சுகிறது.

குறையுள்ள மாந்தர்

இப்புதினத்தில் முழுமையான நல்லவரும் இல்லை. முழுமையான கொடியவரும் இல்லை. கடைவீதியில் செல்வாக்குப் பெற்ற வணிகர் அப்துல் காதர். அவருக்குப் போட்டியாக நிற்கும் வணிகர் தாமு. இருவரும் உழைப்பாளிகள்; திறமை உடையவர்கள். இருவருக்கும் இருக்கும் குறை ஒன்றே: மற்றவர் ஓரடி முன்னே நிற்பதைப் பொறுக்க இயலாமை. அந்தச் சிறு பொறாமை கடையின் கல்லாப்பெட்டியில் தொடங்கித் தேர்தல் மேடைவரை வளர்கிறது. ஒருவர் மரத்தை ஆதரித்தால் மற்றவர் எதிர்ப்பதும், எதிர்த்தால் ஆதரிப்பதும் மரத்தின் நன்மை தீமையைப் பொறுத்தனவல்ல. எதிராளியின் நிலையைப் பொறுத்தன.

இதழாளர் இசக்கி மற்றொரு வகையினர். எழுதுகோல் அவருடைய கருவி. அதுவே அவருடைய பிழைப்பு. ஊரில் நடப்பதை அறிவிப்பது இதழாளரின் கடமை. ஊரில் எது நடந்தால் தமக்கு நன்மை என்று கணக்கிட்டு அதற்கேற்ப எழுதத் தொடங்கும்போது செய்தி பண்டமாகிறது. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்னும் பழமொழியின் வாழும் உருவமாக இசக்கியைக் கொள்ளலாம்.

ஆசானும் குறைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். அவர் சொல்லும் கதைகளில் நிகழ்ந்தது எது, புனைந்தது எது என்று பிரிப்பது அரிது. கேட்போர் வாய்பிளந்து நிற்பதை அவர் விரும்புகிறார். ஆயினும் அவருடைய மிகைப்பேச்சு எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அது மரத்தை ஊரின் நினைவில் வாழவைக்கிறது. இசக்கியின் மிகைப்பேச்சோ மரத்தைப் போர்க்களம் ஆக்குகிறது. இருவரும் சொல்லால் வாழ்பவர்களே. ஒருவரின் சொல் காக்கிறது, மற்றவரின் சொல் அழிக்கிறது. இந்த வேற்றுமையை ஆசிரியர் எங்கும் அறிவுரையாகச் சொல்லவில்லை. இருவரையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

இவர்களைச் சுற்றி ஊர்மக்கள் இருக்கின்றனர். அவர்கள் வேடிக்கை பார்க்கின்றனர். யார் வெல்வார் என்று பேசுகின்றனர். மரம் யாருடையது என்னும் கேள்வியை மட்டும் அவர்களுள் பெரும்பாலோர் எழுப்புவதில்லை.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது நகை, இரண்டாவது அழுகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை தோன்றும் நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகை தோன்றும் நிலைக்களன்கள். இழவு என்பது உரிய ஒன்றை இழத்தல்.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

புதுவகை இலக்கியமாகிய புதினத்தையும் பழைய இலக்கணத்தின் துணைகொண்டு நோக்க இயலும். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களும் இப்புதினத்தில் இடம்பெறுகின்றன.

எள்ளல் என்பது இகழ்ந்து நகைத்தல். பதவிக்காகப் பணிபவரும், பணிவைப் பொதுத்தொண்டு என்று பெயரிட்டு அழைப்பவரும் ஆசிரியரின் எள்ளலுக்கு ஆளாகின்றனர். அந்த எள்ளல் உரத்த குரலில் அமைவதில்லை. கதைசொல்லி ஒருவரைப் புகழ்வதுபோல் தொடங்குகிறான். தொடரின் இறுதியில் புகழ்ச்சி தலைகீழாகிவிடுகிறது.

இளமை என்பது இளம்பருவத்துக்குரிய அறியாமை தரும் நகை. ஆசானின் சொற்களை உண்மையென நம்பி மெய்ம்மறக்கும் இளைஞர்களைக் காணும்போது தோன்றுவது இந்நகை. இதில் இகழ்ச்சி இல்லை, பரிவே உண்டு. கதைசொல்லி அந்த இளைஞர்களுள் ஒருவன் ஆதலால், தன்னையும் சேர்த்தே நகைத்துக்கொள்கிறான்.

பேதைமை என்பது அறிவின்மை. தான் செய்வதன் விளைவை உணராத நிலை அது. தோப்பை அழித்துப் பூங்கா அமைப்பதில் வெளிப்படுவது பேதைமை. அங்கே தீய நோக்கம் இல்லை. ஊரை அழகாக்க வேண்டும் என்னும் விருப்பமே இருக்கிறது. நல்ல நோக்கமும் அறிவோடு சேராதபோது அழிவுக்குத் துணையாகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாது மெய்யென ஏற்றுக்கொள்ளல். மரம் ஊருக்குத் தடை என்று ஒருவர் சொன்னபோதும், மரம் தெய்வம் என்று மற்றொருவர் சொன்னபோதும் ஏற்றுக்கொள்ளும் ஊர்மக்களிடம் காணப்படுவது மடன். பேதைமை ஒருவரின் குறை. மடன் கூட்டத்தின் குறையாக வளரும்போது, ஒரு மரத்தை மட்டுமன்று, ஓர் ஊரையே அழிக்கவல்லது.

இந்நான்கும் தனித்தனியே சிரிப்பைத் தருகின்றன. ஆனால் புதினம் முன்னேறும்போது இளமைநகை குறைகிறது. எள்ளலும் மடனும் மிகுகின்றன. சிரிப்பின் சுவை மெல்ல மெல்லக் கசப்பாகிறது. இறுதியில் மரம் பட்டுப்போகும்போது வாசகர் நகையிலிருந்து அழுகைக்கு, அதிலும் இழவு என்னும் நிலைக்களனுக்கு வந்துசேர்கிறார். மெய்ப்பாட்டியலில் நகையும் அழுகையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை இப்புதினத்தோடு சேர்த்து எண்ணிப்பார்க்கலாம். இவ்வாறு துயரத்துக்குள் சிரிப்பையும் சிரிப்புக்குள் துயரத்தையும் வைத்துக் காட்டுவதை அவலநகை எனலாம்.

காவல்மரமும் நாற்சந்தி மரமும்

மரத்தை ஓர் ஊரின் உயிராகக் கருதுவது தமிழ்மரபுக்குப் புதிதன்று. சங்ககால மன்னர்கள் காவல்மரங்களைப் பேணினர். பகைவரின் காவல்மரத்தை வெட்டுவது அவரை வென்றதன் அடையாளமாகக் கருதப்பட்டது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டியதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. ஊர்ப்பொது மன்றங்களும் மரநிழலிலேயே கூடின. நற்றிணையின் தலைவி ஒருத்தி, புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தாளாகவே எண்ணி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள்.

சிலப்பதிகாரத்தில், கண்ணகி மலையில் வேங்கை மரத்தின் நிழலில் நின்றதைக் குன்றக் குறவர் கண்டனர். கூடலூருக்கு மேலே உள்ள மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் அமைந்துள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் அங்கு மலையேறி வழிபடுகின்றனர். ஒரு பெண்ணின் துயரத்துக்குச் சாட்சியாக நின்ற மரமும் மலையும் இப்பகுதி மக்களின் நினைவில் இன்றும் வாழ்கின்றன. செல்லத்தாயியின் துயரத்துக்குச் சாட்சியாக நின்ற புளியமரத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

பழங்காலத்தில் காவல்மரத்தை வெட்டியவர் பகைவர். இப்புதினத்தில் மரத்துக்கு நஞ்சு வைத்தது ஊருக்குள்ளேயே எழுந்த பகை. வெளியிலிருந்து வரும் பகையை ஊர் ஒன்றுகூடி எதிர்க்கும். தன்னுள்ளிருந்து எழும் பகையை எதிர்க்க ஊரிடம் ஆயுதம் இல்லை. அதனால்தான் மரத்துக்கு நேர்ந்தது போர்க்கள வீழ்ச்சியாக அமையாமல் இருளில் நிகழ்ந்த கொலையாக அமைந்தது.

உலக இலக்கியத்தில் சிறுநகர்

சிறுநகரின் குறைகளைச் சிரிப்போடு காட்டும் மரபு பிறமொழிகளிலும் செழித்துள்ளது. உருசிய எழுத்தாளர் நிக்கோலாய் கோகல் 1842இல் வெளியிட்ட 'இறந்த ஆன்மாக்கள்' என்னும் புதினத்தில் சிச்சிக்கோவ் என்பவன் ஒரு மாநில நகரத்துக்கு வருகிறான். இறந்துபோன பண்ணையடிமைகளின் பெயர்களை விலைக்கு வாங்க முயல்கிறான். பொருந்தாத அவ்வணிகத்துக்கு நிலவுடைமையாளர் பலர் தத்தம் இயல்புக்கேற்ப உடன்படும்போது, யார் உண்மையில் இறந்த ஆன்மாக்கள் என்னும் வினா எழுகிறது.

இந்தியில் ஸ்ரீலால் சுக்ல 1968இல் வெளியிட்ட 'ராக தர்பாரி' சிவபால்கஞ்ச் என்னும் ஊரைக் களமாகக் கொண்டது. கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி ஆகிய அனைத்தையும் தம் பிடிக்குள் வைத்திருக்கும் வைத்தியஜி அதன் முதன்மைப் பாத்திரம். விடுதலைக்குப் பின் உருவான பொதுநிறுவனங்கள் சிலரின் சொந்த உடைமையாக மாறியதை அப்புதினம் நகையோடு காட்டியது.

தமிழ் மண்ணிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண் 1961இல் வெளியிட்ட 'மால்குடியின் ஆட்கொல்லி' என்னும் பொருள்படும் புதினத்தில், இறந்த விலங்குகளைப் பாடம்செய்யும் வாசு என்பவன் அச்சகத்தார் நடராஜின் மாடியில் குடியேறி ஊரையே அச்சுறுத்துகிறான். கோயில் யானையைச் சுட்டுக்கொல்லத் திட்டமிட்ட அவன், தன் நெற்றியில் அமர்ந்த கொசுவை ஓங்கி அடித்துத் தானே இறந்துபோகிறான். அங்கே தீமை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, யானை பிழைக்கிறது.

சுந்தர ராமசாமியின் புதினத்தில் அந்த ஆறுதல் இல்லை. மால்குடியில் யானைக்குக் கிடைத்த உயிர்ப்பிச்சை நாற்சந்தி மரத்துக்குக் கிடைக்கவில்லை. வாசுவைப் போன்ற ஒரே ஒரு கொடியவன் இருந்திருந்தால் அவனுடைய வீழ்ச்சியோடு தீமையும் முடிந்திருக்கும். பலரிடம் சிறிது சிறிதாகப் பரவிக் கிடக்கும் தீமைக்கு அவ்வாறு ஒரு முடிவு வருவதில்லை.

மொழியும் நடையும்

இப்புதினத்தின் பாத்திரங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சுத்தமிழில் உரையாடுகின்றனர். மலையாளத்தின் நெருக்கமும் சந்தையின் வேகமும் அப்பேச்சில் கலந்துள்ளன. கதைசொல்லியின் உரைநடையோ தெளிவான எழுத்துத்தமிழில் அமைந்தது. பேச்சுமொழி பாத்திரங்களை நெருக்கமாக்குகிறது. எழுத்துமொழி அவர்களைச் சற்று விலகி நின்று நோக்கச் செய்கிறது. நகைப்பதற்கு இந்த விலகலும், வருந்துவதற்கு அந்த நெருக்கமும் தேவைப்படுகின்றன.

தமிழ்ச் சிறுகதையில் எள்ளல் நடையைக் கூர்மையாக்கியவர் புதுமைப்பித்தன். அவருடைய நினைவாக 1951இல் மலர் ஒன்றை வெளியிட்டே சுந்தர ராமசாமி இலக்கிய வாழ்வைத் தொடங்கினார். அந்த எள்ளலைத் தனிமனிதரின் அளவிலிருந்து ஒரு நகரத்தின் அளவுக்கு விரித்தது இப்புதினத்தின் சிறப்பாகும்.

குற்றவாளி யார்?

மரத்தைக் கொன்றவர் யார் என்று கேட்டால், நஞ்சு வைத்த கையைக் காட்டிவிடலாம். ஆனால் அந்தக் கையை ஏவிய போட்டி எங்கிருந்து வந்தது? போட்டிக்கு விசிறி வீசிய செய்தியை விலைகொடுத்து வாங்கிப் படித்தவர் யார்? மேடைப்பேச்சுக்குக் கைதட்டியவர் யார்? மரம் வாடத் தொடங்கியபோது அதன் நிழலில் நின்று, இனி யார் வெல்வார் என்று பேசியவர் யார்? இவ்வாறு கேட்டுக்கொண்டே சென்றால் குற்றம் எவரிடமும் முழுமையாக நிற்பதில்லை. எவரையும் முழுமையாக விடுவதுமில்லை.

இதுவே இப்புதினம் எழுப்பும் அறவினா. பெருங்கொடுமைகள் பெருங்கொடியவர்களால் மட்டுமே நிகழ்வன என்று நம்புவது எளிது. அந்நம்பிக்கை நம்மைக் குற்றத்திலிருந்து விலக்கி வைக்கிறது. சிறு பொறாமை, சிறு பேராசை, சிறு பொய், சிறு அக்கறையின்மை ஆகியவை ஒன்றுசேர்ந்தாலும் அதே கொடுமை நிகழும் என்று காட்டுகிறது இப்புதினம். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் சிரித்து மன்னிக்கத்தக்க குறையே. நாமும் அவ்வாறே சிரித்து மன்னித்தோம். அந்தச் சிரிப்பின் கூட்டுத்தொகைதான் பட்டுப்போன மரம்.

பொதுவுடைமைக்கு ஓர் இயல்பு உண்டு. எல்லாருக்கும் உரியது என்பதாலேயே அது தனக்கென்று பேசும் ஒருவரைப் பெறாமல் போய்விடுகிறது. வீட்டுமுற்றத்து மரத்துக்கு நீர் ஊற்ற ஒருவர் உண்டு. நாற்சந்தி மரத்துக்கு நீதி கேட்க எவரும் இல்லை. குளம், கால்வாய், மேய்ச்சல்நிலம், சாலையோர நிழல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். முல்லைப் பெரியாற்று நீர் கூடலூரில் தொடங்கிப் பல ஊர்களின் வயல்களுக்குச் செல்கிறது. மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரரை நினைக்கும்வரைதான் அது பொதுநீர். மறந்த அன்று அது பூசலின் பொருளாகிவிடும்.

நெடுஞ்சாலையோரத்துப் புளியமரத்தின் நிழலில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூடலூர் மாணவர் ஒருவர் இப்புதினத்தைப் படித்தால், தம் ஊரின் காதரையும் தாமுவையும் இசக்கியையும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். சிரிப்பார். சற்று நேரம் கழித்து, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தம் முகத்தையும் காண்பார். அப்போது மரத்தை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையே இப்புதினம் வாசகரிடமிருந்து எதிர்பார்ப்பது.

நூல்வெளி

சுந்தர ராமசாமி 1931ஆம் ஆண்டு மே 30 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். புதினம், சிறுகதை, கவிதை, திறனாய்வு, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பங்களித்தவர். 'பசுவய்யா' என்னும் புனைபெயரில் கவிதைகள் எழுதினார். 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்', 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' ஆகியன இவருடைய புதினங்கள். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' ஆகிய மலையாளப் புதினங்களைத் தமிழாக்கம் செய்தார். 1988இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமெரிக்காவில் மறைந்தார். 'ஒரு புளியமரத்தின் கதை' ஆங்கிலம், மலையாளம், இந்தி, எபிரேயம் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மரம், குளம், கிணறு ஆகியவற்றின் பெயரால் வழங்கும் இடங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எத்தனை இடங்களில் அந்த மரமோ நீர்நிலையோ இன்றும் உள்ளது என நேரில் கண்டு குறிப்பெழுதுக.

2. உங்கள் ஊரின் முதியவர் ஒருவரிடம் ஊரின் பழைய நாற்சந்தியைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் கூறியவாறே பேச்சுவழக்கில் எழுதுக. பின்னர் அதனை எழுத்துவழக்கில் மாற்றி எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'மரத்தை வெட்ட வேண்டும்', 'மரத்தை வெட்டக் கூடாது' என்னும் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக. சொற்போரின் இறுதியில், எவரேனும் மரத்தின் நன்மையை மட்டும் கருதிப் பேசினரா எனச் சிந்திக்க.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று
அ) இழவு ஆ) மடன் இ) அசைவு ஈ) வறுமை

2. பொருத்துக.
அ) ராக தர்பாரி – 1) கோகல்
ஆ) ஒரு புளியமரத்தின் கதை – 2) ஸ்ரீலால் சுக்ல
இ) இறந்த ஆன்மாக்கள் – 3) சுந்தர ராமசாமி

குறுவினா

1. காவல்மரம் – குறிப்பு வரைக.
2. பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நகரமே மரத்தைத் தேடி வந்தது என்பதன் பொருளை எழுதுக.

சிறுவினா

1. தாமோதர ஆசான், இசக்கி ஆகிய இருவரின் சொல்லாற்றலை ஒப்பிடுக.
2. மனிதக் குறைகளைக் காட்டச் சிறுநகர் ஏற்ற களமாவது எங்ஙனம்?

நெடுவினா

1. 'சிறு குறைகளின் கூட்டுத்தொகை பேரழிவு' என்னும் கருத்தை 'ஒரு புளியமரத்தின் கதை' வழி நிறுவி, நீங்கள் அறிந்த பொதுவுடைமை ஒன்றைக் காக்கும் வழிமுறைகளைத் தொகுத்து எழுதுக.